நீலகிரி மலைப்பாதையில் டிரெய்லர் இழுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஜீப்பின் பின்னால் சின்ன டிரெய்லரை மாட்டிக் கேரட் மூட்டையோ பசுந்தேயிலையோ தண்ணீர்த் தொட்டியோ கொண்டுபோகிறவர்கள் நம் மலையில் எப்போதும் உண்டு. இப்போது சமவெளியிலிருந்து பைக்கையும் கூடாரச் சாமானையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இரு தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்தக் காரிலும் டிரெய்லர் மாட்டலாமா?

எல்லாக் காரிலும் மாட்டக் கூடாது. முதலில் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். சிறிய கார்கள் பலவற்றில் டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. இழுக்கலாம் என்று இருந்தால் இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள்: பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு அதைவிடக் குறைவாக ஒன்று.

அந்த எண்ணை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும், இன்ஜினின் பலமும் குறையும். காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில், ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே காரும் டிரெய்லருமாக 3000 கிலோ வரை போகலாம் என்ற வண்டிக்கு ஊட்டியில் ஏறத்தாழ 2400 கிலோதான் கணக்கு. காரின் எடையைக் குறைக்க முடியாது, ஆகவே அந்த 600 கிலோவும் டிரெய்லரிலிருந்துதான் இறங்க வேண்டும். டர்போ இன்ஜினில் பலம் இந்த அளவுக்குக் குறையாது. ஆனாலும் கணக்கை இப்படிப் போட்டுக்கொள்வதே நல்லது.

ஜீப், பொலிரோ, தார், ஸ்கார்பியோ மாதிரி சேசிஸ் (அடிச்சட்டம்) தனியாக உள்ள வண்டிகளில் டிரெய்லர் மாட்டும் கொக்கியைச் சேசிஸில் போல்ட் போட்டுப் பொருத்தலாம். பம்பரில் மாட்டுவதும், பழுதான காரை இழுப்பதற்காகக் கொடுத்திருக்கும் திருகுக் கொக்கியில் டிரெய்லரை மாட்டுவதும் உயிரோடு விளையாடுவது.

ஏறும்போது வண்டி நன்றாகவே இழுக்கிறது. அப்புறம் என்ன கவலை?

இறக்கம்தான் கவலை. ஏற்றத்தில் சுமை அதிகமானால் வண்டியே சொல்லிவிடும். முக்கும், சூடாகும், நின்றுபோகும். இறக்கத்தில் அது எதையும் சொல்லாது. பிரேக் போகும் நிமிடம் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஆளும் சாமானும் சேர்த்துக் கார் 2000 கிலோ, டிரெய்லர் 800 கிலோ. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் இறங்குகிறோம். அந்த 2800 கிலோ கீழே வருவதில் வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாக்கினால் எட்டுக் குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். கையளவு லைனிங்கும் நாலு டிஸ்க்கும் இவ்வளவு சூட்டைத் தாங்காது.

அதனால் "இந்த வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்காதீர்கள். "இந்த வண்டி எவ்வளவு சுமையைக் குன்னூர் இறக்கத்தில் உள்ள பர்லியார் வளைவில் நிறுத்தும்?" என்று கேளுங்கள். டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், அதன் மொத்த எடை காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவான உச்ச வரம்பே 750 கிலோதான். நம் மலைக்கு அதுவும் அதிகம்.

இறங்கும்போது எந்த கியர்?

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். டிரெய்லர் இருந்தால் அதற்கும் ஒரு கியர் கீழே. பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தான இடங்களில் முதல் கியர். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் பிடித்தபின் குறைக்கப் பார்த்தால் கியர் விழாது. நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம்.

பிரேக்கை மிதித்த காலை அப்படியே வைத்திருக்காதீர்கள். வேகம் 30ஐத் தொட்டால் நன்றாக அழுத்தி 20க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் உள்ளவர் டிரெய்லரைத் தொடவே வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யில் விட்டு இறங்கக் கூடாது. எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டில் நிறுத்துங்கள். மின்சாரக் காரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஊட்டியில் முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பேட்டரியில் இடமில்லாததால் மோட்டார் மூலம் வேகம் குறைக்கும் வசதி மிகவும் குறைந்துவிடும். இறங்கப் போகிறோம் என்றால் பேட்டரியில் கொஞ்சம் இடம் விட்டே கிளம்புங்கள்.

பிரேக் சூடாவதை எப்படித் தெரிந்துகொள்வது?

மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். லைனிங் கருகும் வாசனை ஒரு தரம் வந்தால் போதும், பின்னால் மறையாமல் தெரிகிற அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள்.

அடுத்தது கால். இரண்டு விதமாகத் தெரியும். பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பு இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது திடீரென்று வரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதைக் கட்டாயம் மாற்றுங்கள். பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

நிறுத்தியபின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் அடிப்பது தெரியும். மற்ற சக்கரங்கள் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. டிரெய்லர் சக்கரத்தையும் இதே மாதிரி பாருங்கள். கிரீஸ் வெளியே வழிந்திருந்தால் அதோடு ஓட்டாதீர்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். அரை மணி நேரம் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிரெய்லரில் பிரேக் இருக்கிறது. அப்போது பயமில்லைதானே?

எந்த வகைப் பிரேக் என்று பாருங்கள். சின்ன டிரெய்லர்களில் அதிகம் இருப்பது தள்ளுவிசைப் பிரேக். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே அதன் பிரேக்கை இயக்கும். சமவெளியில் அருமையாக வேலை செய்யும். மலை இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் காரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக்கும் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். நீங்கள் இரண்டாவது கியரில் ஒழுங்காக இறங்கினாலும் பின்னால் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வாசனைகூட வராது. ஆகவே வழியில் நிறுத்திக் கை காட்டிப் பார்ப்பது இந்த வகைக்கு இன்னும் முக்கியம்.

சுமையை எப்படி அடுக்குவது?

கனமானதை அச்சுக்கு நேராக, அதற்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வையுங்கள். கொக்கியின் மேல் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 கிலோ. இதை அளக்க வீட்டில் ஆள் எடை பார்க்கும் மிஷினே போதும். சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை மிஷின் மேல் நிற்க வைத்து, டிரெய்லரின் மூக்கை, அதாவது காரில் மாட்டும் முன்முனையை, அதன் மேல் இறக்குங்கள். காட்டுவதுதான் கணக்கு. காரின் கையேட்டில் கொக்கி எடைக்குத் தனி வரம்பு போட்டிருந்தால் அதையும் தாண்டக் கூடாது.

மூக்கு எடை குறைந்தால், அதாவது பின்பக்கம் கனம் கூடினால், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். மலையில் வேகம் குறைவு என்பதால் இது அதிகம் தெரியாது. கீழே இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி நேர் ரோட்டில் 70, 80 என்று போகும்போது திடீரென்று ஆடும். அப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஓங்கிப் பிரேக் அடிப்பதும், எதிர்ப்பக்கம் ஒடித்து ஒடித்துத் திருப்புவதும் வண்டியைக் கவிழ்க்கும்.

தண்ணீர்த் தொட்டி என்றால் நிறைத்துக் கொண்டுபோங்கள், அல்லது காலியாகக் கொண்டுபோங்கள். பாதித் தொட்டியில் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் ஓடி மோதும். பசுந்தேயிலை கனம் குறைவு என்று உயரமாக அடுக்குகிறார்கள். மழையில் நனைந்த இலை எவ்வளவு கனக்கும் என்பது சுமப்பவர்களுக்குத் தெரியும். தார்பாயைப் போர்த்தி நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளை ஒட்டி எடை மேடைகள் இருக்கின்றன, ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.

கொண்டை ஊசி வளைவில் எப்படித் திருப்புவது?

டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் உள்ள தூரம் அதிகமாக அதிகமாக வெட்டுவதும் அதிகம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் டிரெய்லரின் இடது சக்கரம் வடிகாலில் இறங்கும், அல்லது பாறையில் உரசும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் டிரெய்லர் நடுக்கோட்டைத் தாண்டி எதிரில் வருபவன் பாதைக்குள் போகும். இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது.

அதனால் வளைவுக்குள் அவசரப்பட்டு நுழையாதீர்கள். ஹாரன் அடித்து, எதிரே மேலும் கீழும் கண்ணை ஓட்டிப் பாருங்கள். அரசு பஸ் இறங்கி வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். அதற்கு வளைவு முழுவதும் வேண்டும், உங்களுக்கும் முழுவதும் வேண்டும். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை என்பது விதி. ஆனால் இறங்கும் பஸ் ஏற்கெனவே வளைவுக்குள் வந்துவிட்டால் விதியைப் பேசி என்ன ஆகப்போகிறது? வழி விடுங்கள். பின்னால் ஐந்தாறு வண்டி சேர்ந்தால் ஒதுங்கி அவர்களை அனுப்பிவிட்டுப் போவதும் நல்ல பழக்கம்.

எந்த வழி நல்லது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், போக்குவரத்தும் அதிகம். கோத்தகிரி வழி சற்று நிதானமானது. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் கட்டாயம், கொடைக்கானலுக்கும் அப்படித்தான்.

ஊட்டி அருகே தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதைக்கு டிரெய்லரோடு போகவே போகாதீர்கள். 36 வளைவுகள், அதுவும் கடும் செங்குத்து. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. உள்ளூர்க்காரர் என்பதால் உங்களை விட்டாலும், கூடலூர் சுற்றிப் போவதுதான் சரி. முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடப்படும் என்பதை நினைவில் வையுங்கள். தாமதமாகிவிட்டது என்று இறக்கத்தில் விரட்டுவது அதனால்தான் நடக்கிறது. கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு வழியை எடுங்கள். பெரியகுளத்திலிருந்து வரும் அடுக்கம் சாலை குறுகலானது, டிரெய்லருக்கு ஏற்றதல்ல.

பலா பழுக்கும் மாதங்களில் குன்னூர் வழியில் பர்லியார், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை பக்கம் யானைகள் சாலைக்கு வரும். தனிக் காராக இருந்தால் பின்னால் எடுத்துவிடலாம். டிரெய்லர் இருந்தால் முடியாது, அவசரத்தில் குறுக்கே மடங்கி நின்றுவிடும். ஆகவே தூரத்தில் பார்த்ததுமே நின்றுவிடுங்கள், அது போகும்வரை காத்திருங்கள்.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால்?

ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, கூட வந்தவரை இறங்கி டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் பின்னால் கட்டை வைக்கச் சொல்லுங்கள். இறங்குபவர் வண்டிக்குப் பின்னால் நேராக நிற்கக் கூடாது, பக்கவாட்டிலிருந்து வைக்க வேண்டும். கட்டையைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள், மூட்டைக்கு அடியில் வைத்தால் பிரயோசனமில்லை. அப்புறம் எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி வையுங்கள்.

கட்டை இல்லாதவர்கள் ரோட்டோரக் கல்லை எடுத்து முட்டுக் கொடுக்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் வண்டி கிளம்பியதும் அந்தக் கல்லை அப்படியே நடு ரோட்டில் விட்டுப் போகிறார்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. அடுத்து பனியில் வரும் பைக்காரர் அதில் ஏறி விழுகிறார். எடுத்துப் போட அரை நிமிடம் ஆகாது. தயவுசெய்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

மாட்டும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

காரின் கொக்கியில் உள்ள பந்தும், அதைக் கவ்வும் டிரெய்லர் மூக்கின் பூட்டும் ஒரே அளவா என்று பாருங்கள். 50 மில்லிமீட்டர் பூட்டைச் சின்னப் பந்தில் மாட்டினால் சமதரையில் நிற்கும், வேகத்தடையில் கழன்றுவிடும். மாட்டியபின் டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றிக் காரின் பின்பக்கம் லேசாக எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். பூட்டு கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தங்கும். தரையில் இழுபடாத அளவு நீளம், வளைவில் இறுகாத அளவு தளர்வு.

பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிச் சரிபாருங்கள். நம் பனியில் விளக்கு மட்டும் போதாது, பின்னாலும் இரண்டு பக்கமும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். தரையில் படும் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்குப் பொருந்தும் ஸ்டெப்னியும் வேண்டும், காரின் ஸ்டெப்னி பெரும்பாலும் சேராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தனி எண் வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கி நேராக ரோட்டில் இறக்குவது குற்றம். காரில் கொக்கி பொருத்தும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் டிரெய்லரை எழுதிச் சேருங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த பிறகு நஷ்டஈட்டுக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

தோட்டம் பக்கத்தில்தான். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிப் போகலாமா?

கூடாது. ஒரு கிலோமீட்டருக்கும் கூடாது. டிரெய்லரில் பெல்ட் இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை, பூட்டு கழன்றால் பிரேக்கும் இல்லை. காலையில் இலை பறிக்க வரும் அம்மாக்கள் நடந்து வர முடியாத தூரம் என்றால் காரில் இரண்டு நடையாகக் கூட்டிப் போங்கள், டீசல் செலவைப் பார்க்காதீர்கள். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை.

பழுதான காரைக் கயிறு கட்டி மலையிலிருந்து இறக்கலாமா?

வேண்டாம். இன்ஜின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும், இறக்கத்தில் அது முன்னால் போகும் வண்டியின் மேலேயே வந்து மோதும். சமதரையில் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை என்றால் சரி, இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். மலையில் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

டிரெய்லரே வேண்டாம் என்று எப்போது முடிவு செய்வது?

வருடத்தில் சில நாள்தான் சுமை என்றால் பிக்கப்பை வாடகைக்குப் பிடியுங்கள். நாலு சக்கரத்திலும் பிரேக் உள்ள வண்டி, தினமும் இந்த மலையில் ஓட்டும் டிரைவர். பதிவு, இன்சூரன்ஸ், கொக்கி, டயர் என்று டிரெய்லருக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் வாடகை பெரிதாகத் தெரியாது. கூடாரச் சாமானோடு வரும் சுற்றுலாக்காரர்கள், டிரெய்லரைப் பாதுகாப்பாக நிறுத்த இடம் கிடைத்தால், மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டுத் தேவையானதை மட்டும் காரில் ஏற்றி வரலாம்.

சரிவான இடத்தில் டிரெய்லரைக் கழற்றலாமா?

முடிந்தவரை சமதரையில் கழற்றுங்கள். வேறு வழியில்லை என்றால் முதலில் சக்கரத்தின் சரிவுப் பக்கம் இரண்டு கட்டையும் அடித்து வையுங்கள். பிறகு ஜாக்கி, பிறகு விளக்கு வயர், பிறகு பூட்டு, கடைசியாகச் சங்கிலி. சங்கிலியை முதலில் எடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்தால், கட்டை நழுவும் நொடியில் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. மூக்கு சரிவைப் பார்த்து நிற்கும்போது டிரெய்லருக்கும் காருக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது, பக்கத்திலிருந்தே வேலை செய்ய வேண்டும்.